இன்கிரிமென்ட் வரவில்லை, காரணமும் சொல்லவில்லை

வாசகர் கேள்வி

ஐயா, நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராக இருக்கிறேன். தரம் 3. 2019 டிசம்பரில் தமிழ் மொழிமூலம் பரீட்சை எழுதி நியமனம் பெற்றேன். முதலாவது வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை பாஸ். நியமனத்தையும் நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் வந்த சம்பள ஏற்றம் (இன்கிரிமென்ட்) 2025 டிசம்பரில் வரவில்லை. ஜனவரியில் எல்லோருக்கும் சம்பளம் கூடியதால் நான் கவனிக்கவில்லை. மார்ச் மாதம் பழைய சம்பளச் சீட்டோடு வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நிருவாகக் கிளையில் ஒருவர், "நீங்கள் சிங்களம் பாஸ் பண்ணவில்லைதானே" என்கிறார். இன்னொருவர், "சேர் ரெக்கமண்ட் பண்ணவில்லை" என்கிறார். தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருவதால் பல நாட்கள் எனது விரலடையாளம் 8.30ஐத் தாண்டித்தான் விழும். கடந்த வருடம் மேலதிகாரியோடு ஒரு கோவை சம்பந்தமாக வாக்குவாதமும் நடந்தது. எதையும் எழுத்தில் தரவில்லை. "பெரிதுபடுத்தினால் தூரத்துக்கு மாற்றிவிடுவார்கள்" என்று கூட வேலை செய்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். கணவரோ 540 ரூபாவுக்கு ஏன் இந்தப் பாடு என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்

தங்கச்சி, கணவர் சொன்ன கணக்கிலிருந்தே ஆரம்பிப்போம். உங்கள் தரத்துக்கு 2016ஆம் ஆண்டின் சம்பளத் திட்டத்தில், வருடத்துக்கு ஒன்றாக ஏறுகிற படிகளில் முதல் பத்தும் ஒவ்வொன்று 300 ரூபா. 2025 வரவு செலவுத் திட்டத்தில் வருடாந்தச் சம்பள ஏற்றங்களை 80 வீதத்தால் கூட்டினார்கள். அதனால்தான் 540. மாதத்துக்கு 540 என்றால் வருடத்துக்கு 6,480. ஒரு வருடத்தோடு முடிந்தால் அவர் சொல்வது சரி, சண்டை போடுகிற தொகை அல்ல. ஆனால் அது ஒரு வருடத்தோடு முடிகிற வகையா, நீங்கள் ஓய்வு பெறும்வரை கூடவே வருகிற வகையா என்பது உங்களுக்கும் தெரியாது, உங்கள் கடிதத்தை வைத்து எனக்கும் தெரியாது. அதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நியாயமா அநியாயமா என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

நீங்கள் மார்ச்வரை கவனிக்காமல் விட்டதில் ஆச்சரியமில்லை. 2025 ஏப்ரலில் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000 ஆக்கினார்கள். கூடிய தொகையை ஒரேயடியாகத் தரவில்லை. 5,000 ரூபாவும் மிச்சத்தில் 30 வீதமும் அந்த ஏப்ரலில் வந்தது. மீதி இரண்டு சம பங்காக 2026 ஜனவரியிலும் 2027 ஜனவரியிலும். அப்படியென்றால் டிசம்பரில் விழ வேண்டிய சம்பள ஏற்றம் விழாமல் போனாலும் ஜனவரிச் சம்பளம் கூடியே இருக்கும். கைக்கு வருகிற தொகையைப் பார்த்தால் எதுவும் தெரியாது, நவம்பர், டிசம்பர் சீட்டுகளை வைத்து அடிப்படைச் சம்பளம் என்ற வரியை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உங்களைப் போலக் கவனிக்காதவர்கள் வேறு அலுவலகங்களிலும் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். டிசம்பர், ஜனவரி சம்பள ஏற்றத் திகதி உள்ளவர்கள் தங்கள் சீட்டையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

இப்போது விதிக்கு வருவோம். அரச ஊழியர்களுக்கான விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவையின் ஏழாம் அத்தியாயம் சம்பளம் பற்றியது. சம்பள ஏற்றம் வருடம் பிறந்ததும் தானாகக் கையில் விழுகிற உரிமை அல்ல. அந்த வருடம் முழுவதும் ஒழுங்காகவும் திறமையாகவும் வேலை செய்து சம்பாதித்துக்கொள்வது என்பதுதான் அங்கே அடிப்படை. இதைச் சொன்னால் நம்மவர்களுக்குக் கோபம் வரும். ஆனாலும் இதைத் தெரியாமல் "என் உரிமையைப் பறித்துவிட்டார்கள்" என்று முதல் வரியிலேயே எழுதினால், மறுமுனையில் இருப்பவர் விதிக்கோவையைத் திறந்து அந்த ஒரு விதியைக் காட்டி உங்கள் கடிதத்தை மூடி வைத்துவிடுவார். அதே நேரம், உரிமை அல்ல என்பதற்காக யாரோ ஒருவர் மனம்போனபடி பிடித்து வைக்கவும் முடியாது. பிடித்து வைப்பதென்றால் அதற்கு ஒரு காரணம், ஒரு விதி, ஒரு காலம், தீர்மானித்த அதிகாரியின் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் இவற்றில் ஒன்றுகூட உங்கள் கைக்கு வரவில்லை.

விதிக்கோவையில் நாலு சொற்கள் வரும்: இடைநிறுத்தல், நிறுத்தல், குறைத்தல், பிற்போடல். ஒபிஸில் எல்லாவற்றுக்கும் சேர்த்து "இன்கிரிமென்ட் கட்" என்றுதான் பேசுவார்கள். பணத்தில் அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் பெரியது. இடைநிறுத்தல் என்றால் ஏதோ ஒன்று முடியும்வரை பிடித்து வைத்திருக்கிறார்கள். பரீட்சை முடிவு வரவேண்டும், விசாரணை முடியவேண்டும், அப்படி ஏதாவது. முடிந்தபின் நிலுவை கிடைக்குமா என்பதை அந்த உத்தரவை வாசித்துத்தான் சொல்லலாம். நிறுத்தல் என்றால் குறித்த காலத்துக்கு அந்தத் தொகை இல்லை. காலம் முடிந்ததும் நீங்கள் இருக்க வேண்டிய படிக்கு வந்துவிடுவீர்கள். போன காசு போனதுதான், ஆனால் அதோடு சரி. குறைத்தல் அபூர்வம், உங்கள் கதைக்கு அது பொருந்துவதாகத் தெரியவில்லை.

பயப்பட வேண்டியது பிற்போடலுக்கு. அதில் உங்கள் சம்பள ஏற்றத் திகதியே நகர்ந்துவிடும். ஒரு வருடம் பிற்போட்டால், உங்களோடு ஒரே நாளில் கடமையேற்றவரைவிட நீங்கள் எப்போதும் ஒரு படி கீழேதான். இன்றைக்கு 540. பத்துப் படி தாண்டியதும் ஏற்றத்தின் பெறுமதி கூடும், இடைவெளியும் அதோடு கூடும். 540ஐ மட்டும் வைத்துக்கொண்டே 25 வருடத்துக்குப் பார்த்தால் 162,000 ரூபா. ஓய்வூதியத்தைக் கணக்கிடுவது கடைசிச் சம்பளத்தை வைத்து என்பதால் அங்கேயும் அது தொடரும். கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சேவையில் இருந்த காலத்தில் ஓய்வூதியக் கோவையொன்றைத் தயாரிக்கும்போது ஒரு கேஸ் பார்த்தேன். அந்த மனிதருக்குக் கொடுத்த தண்டனைக் கடிதத்தில் ஆறு மாதம் நிறுத்தல் என்று தெளிவாக எழுதியிருந்தது. சம்பளக் கிளையில் அதைப் பிற்போடலாகப் பதிந்து, திகதியை ஆறு மாதம் தள்ளிவிட்டிருந்தார்கள். வருடா வருடம் ஆறு மாதக் காசு போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அவரும் தண்டனைதானே என்று வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் திருத்தி எடுப்பதற்குள் அவர் ஓய்வு பெற்றே போனார். ஆகவே கடிதம் கையில் வந்தாலும், அதில் இருக்கிற சொல்லும் சம்பளக் கிளையில் பதிந்திருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். கடிதம் சிங்களத்தில் வந்தால் அந்த ஒரு சொல்லை மட்டுமாவது தெரிந்த இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

உங்களுக்கு இரண்டு பேர் இரண்டு காரணம் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது ஒன்றும் இருக்கலாம், நான் பார்த்தவற்றில் அதுதான் அதிகம்: படிவமே போயிருக்காது. சம்பள ஏற்றத் திகதிக்கு முன்பு உங்கள் தனிப்பட்ட கோவையிலிருந்து லீவு விபரம் எடுத்து, படிவம் நிரப்பி, மேற்பார்வை செய்பவரின் சிபாரிசு வாங்கி, தலைவரின் கையெழுத்தோடு கணக்குக் கிளைக்கு அனுப்ப வேண்டும். விடயத்துக்குப் பொறுப்பானவர் இடமாற்றத்தில் போனால், அல்லது மேலதிகாரி மேசையில் கோவை இரண்டு கிழமை தங்கினால், பிறகு அது யார் கண்ணிலும் படாது. கோவை நடுவில் "பிறகு பார்ப்போம்" என்று பென்சிலால் எழுதிய ஒரு துண்டுக் கடதாசி இருக்கும். கையெழுத்தும் இல்லை, திகதியும் இல்லை. அதை ஒரு தீர்மானம் என்று யாரும் சொல்ல முடியாது. உங்களுக்கும் அப்படி இருக்குமானால், ஒரு ஞாபகமூட்டலோடு நிலுவையும் சேர்ந்து வந்துவிடும். சண்டைக்கே இடமில்லை.

சிங்களம் பற்றிச் சொன்னார்களே, அதில் உண்மை இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கைப்படி, அந்த வருடம் யூலை 1ஆம் திகதிக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் 5 வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும். பெறாவிட்டால் சம்பள ஏற்றத்தில் கை வைப்பார்கள். தமிழில் எழுதி வந்த உங்களுக்குச் சிங்களம், சிங்களத்தில் எழுதி வந்தவர்களுக்குத் தமிழ். இது நம்மை மட்டும் குறிவைத்த விதி என்று சிலர் சொல்லித் திரிவது சரியல்ல. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையே, விரும்பிய மொழியில் பரீட்சை எழுதிச் சேவைக்கு வரலாம், ஆனால் நியாயமான காலத்துக்குள் மற்ற மொழியில் போதிய அறிவு பெறுமாறு கேட்கப்படலாம் என்று சொல்கிறது. விதி இருவருக்கும் பொது. நடைமுறை இருவருக்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. உங்கள் ஒபிஸில் தமிழ் பாஸ் பண்ணாத சிங்கள உத்தியோகத்தர்களுக்கும் இதே மாதிரி பிடித்திருக்கிறார்களா என்று மெதுவாக விசாரித்து வையுங்கள். அவர்களை மாட்டிவிடுவதற்காகச் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் நடந்திருந்தால் அது பின்னால் ஒரு முக்கியமான புள்ளி.

இந்தச் சுற்றறிக்கையைப் பிறகும் திருத்தினார்கள், 2014இல் ஒருமுறை, 2020இல் ஒருமுறை. எந்தப் பதவிக்கு எந்த மட்டம், எழுத்துப் பரீட்சையா வாய்மொழியா இரண்டுமா என்பதெல்லாம் அவற்றில் மாறி வந்தன. அதனால் "சிங்களம் பாஸ் பண்ணவில்லைதானே" என்ற வாய்ப்பேச்சை விடுங்கள். எந்த இலக்கச் சுற்றறிக்கை, எத்தனையாவது பந்தி என்று கேளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உங்கள் நியமனம் 2019 டிசம்பர். 5 வருடம் 2024 டிசம்பரில் முடிந்துவிட்டது. உண்மையான காரணம் மொழிதான் என்றால் அந்த டிசம்பர் ஏற்றத்திலேயே கேள்வி வந்திருக்க வேண்டும், அதைத் தந்துவிட்டார்கள். இது உங்களுக்குச் சாதகமாகவும் அமையலாம், மொழி என்பது இப்போது தேடிப் பிடித்த காரணம் என்று காட்டுவதற்கு. பாதகமாகவும் அமையலாம். நீங்கள் கிளறினால், "அதையும் பிழையாகக் கொடுத்துவிட்டோம், திருப்பி அறவிட வேண்டும்" என்று கணக்காளர் சொல்லக்கூடும். அதற்காக மௌனமாக இருங்கள் என்று சொல்லவில்லை. 2024ஆம் ஆண்டு ஏற்றம் பற்றி நீங்களாக எதுவும் எழுதாமல் 2025 டிசம்பரை மட்டும் கேளுங்கள்.

சிங்களப் பரீட்சையை இதற்கெல்லாம் காத்திருக்காமல் முடித்துவிடுங்கள். மேன்முறையீட்டில் வென்றாலும் அந்தப் பரீட்சை அப்படியே இருக்கும், அடுத்த டிசம்பரில் மறுபடி வரும். அரசகரும மொழிகள் திணைக்களத்தின் பரீட்சைக்கு விண்ணப்பம் கோரும்போது போடுங்கள், அங்கீகரித்த பாடநெறி ஏதும் உங்கள் மாவட்டத்தில் நடந்தால் அதற்கும் பெயர் கொடுங்கள். சாதாரண தரத்தில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் எடுத்துச் சித்தியடைந்திருந்தால் அதைக் கணக்கில் எடுப்பார்களா என்றும் எழுத்தில் கேளுங்கள். சந்தையிலும் பஸ்ஸிலும் நன்றாகச் சிங்களம் பேசுகிற நம்மவர்கள் எழுத்துப் பரீட்சையில் விழுவதற்குக் காரணம் ஒன்றுதான், கடிதம் எழுதிப் பழகவில்லை. கூட வேலை செய்யும் சிங்களச் சகோதரி ஒருவரிடம் தினமும் ஒரு குறிப்பு எழுதிக் காட்டித் திருத்துங்கள். அவருடைய தமிழை நீங்கள் திருத்திக் கொடுக்கலாம், அவருக்கும் அது தேவை.

அடுத்தது பிந்தி வருவதும் வாக்குவாதமும். இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தோட்டத்துப் பாதையில் பஸ் எப்படி ஓடும் என்பது எனக்குத் தெரியும். முதல் பஸ் பழுதானால் அடுத்தது எப்போது வரும் என்று சாரதிக்கே தெரியாது. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடினால் அதுவும் இல்லை. ஆனால் விரலடையாள இயந்திரத்துக்கு இது எதுவும் தெரியாது. வழமையாகப் பிந்துவது ஒழுக்காற்று நடவடிக்கைக்குரிய விஷயம்தான், மேலதிகாரி அதைக் காரணம் காட்டினால் அடிப்படையில்லாத காரணம் என்று சொல்ல முடியாது. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. பிந்திய நாட்களுக்கு ஏற்கெனவே லீவு வெட்டினார்களா? விளக்கம் கேட்டு ஒரு கடிதமாவது தந்தார்களா? லீவையும் வெட்டி, ஒரு விளக்கமும் கேட்காமல், வருட முடிவில் சம்பள ஏற்றத்தையும் சத்தமில்லாமல் பிடித்திருந்தால் அதைக் கேள்வி கேட்க உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. பாதை மூடிய நாட்கள் எவை என்று ஒரு பட்டியல் போட்டு, முடிந்தால் கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தி வாங்கி வையுங்கள்.

தண்டனையாகச் சம்பள ஏற்றத்தைப் பிடிப்பதென்றால் அதற்குத் தனி வழி இருக்கிறது, விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி, 48ஆம் அத்தியாயம். பாரதூரமான குற்றங்கள் முதலாம் அட்டவணையில், மற்றவை இரண்டாம் அட்டவணையில். சிறு தண்டனையாக ஒரு வருடத்துக்கு மேற்படாத காலத்துக்குச் சம்பள ஏற்றத்தைப் பிடிக்கலாம். அதற்கு மேலே போனால் அது பெருந்தண்டனை. சிறியதோ பெரியதோ, உங்கள் மேல் என்ன குற்றம் என்று எழுத்தில் சொல்லி, உங்கள் பதிலைக் கேட்டபிறகுதான் தண்டனை. தண்டிப்பவருக்கும் அந்த அதிகாரம் இருக்க வேண்டும். உங்கள் சேவை "இணைந்த சேவைகள்" என்பதில் ஒன்று, அதாவது பல அமைச்சுகளுக்கும் திணைக்களங்களுக்கும் பொதுவானது. உங்கள் சேவைக்குப் பொறுப்பானவர் இணைந்த சேவைகள் பணிப்பாளர் நாயகம். மேலதிகாரி சிபாரிசு செய்யாமல் விடலாம், அது அவர் கருத்து. அந்தக் கருத்தே தண்டனையாகிவிடாது. கோவை விஷயத்தில் நீங்கள் வாக்குவாதப்பட்டது சரியா பிழையா என்று தெரியாது, நீங்கள் அதை விளக்கவும் இல்லை. ஆனால் அன்று என்ன நடந்தது என்று திகதி, நேரம், கூட இருந்தவர்கள் பெயரோடு இப்போதே ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். ஆறு மாதம் போனால் உங்களுக்கே மறந்துவிடும்.

இனி செய்ய வேண்டியது. பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம், நிருவாக உத்தியோகத்தர் ஊடாக. கோபம் வேண்டாம், குற்றச்சாட்டும் வேண்டாம், வாக்குவாதத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கேள்விகள் மட்டும். இப்படி எழுதலாம்:

"2025 டிசம்பர் மாதத்துக்குரிய எனது வருடாந்தச் சம்பள ஏற்றம் இன்றுவரை வழங்கப்படவில்லை என்பதையும், அது தொடர்பாக எனக்கு எழுத்து மூலம் எதுவும் அறிவிக்கப்படவில்லை என்பதையும் தயவுடன் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். எனது சம்பள ஏற்றப் படிவம் சமர்ப்பிக்கப்பட்டதா, அதிலுள்ள சிபாரிசு யாது, வழங்காதிருக்கத் தீர்மானிக்கப்பட்டிருப்பின் அத்தீர்மானம் எந்த விதி அல்லது சுற்றறிக்கையின் கீழ், யாரால், எத்திகதியில் எடுக்கப்பட்டது, அது இடைநிறுத்தலா, நிறுத்தலா, குறைத்தலா, பிற்போடலா, எக்காலப் பகுதிக்கானது என்பவற்றை அறியத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

தமிழிலேயே எழுதுங்கள், அரச அலுவலகத்தோடு தமிழில் கடிதத் தொடர்பு வைக்க அரசியலமைப்பே இடம் தருகிறது. சீக்கிரம் வேலை நடக்க வேண்டுமென்றால் சிங்களத்தில் ஒரு மொழிபெயர்ப்பைக் கூடவே இணைப்பதில் தப்பில்லை. கடிதத்தைக் கையில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை வைக்கத் தயங்கினால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு குத்தி வையுங்கள். நிருவாகக் கிளையில் நல்லவர்கள் இருந்தாலும் வாய்வழியாக மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு மூன்று கிழமையில் பதில் இல்லையென்றால் ஒரு ஞாபகமூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது. அரச உத்தியோகத்தரானாலும் நீங்கள் பிரஜைதானே, உங்கள் அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடமே விண்ணப்பிக்கலாம். உங்கள் சம்பள ஏற்றப் படிவத்தின் பிரதியையும், அது சம்பந்தமான குறிப்புத் தாள்களின் பிரதியையும் கேளுங்கள். "ஏன் தரவில்லை" என்று கேட்டால் விளக்கம் தர மாட்டார்கள், ஆவணத்தைக் கேட்டால் தப்ப முடியாது. 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. அநேகமாக அவ்வளவு தூரம் போகாது. விண்ணப்பம் போனதுமே கோவையைத் தேடி எடுப்பார்கள்.

எழுத்தில் ஒரு தீர்மானம் வந்து அது பிழை என்று தெரிந்தால், அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யலாம். ஆணைக்குழுவின் அதிகாரத்தைக் கையளிப்பாகப் பெற்று ஓர் அதிகாரி கொடுத்த உத்தரவுக்கு எதிராக ஆணைக்குழுவிடமே போகலாம் என்று அரசியலமைப்பின் 58ஆம் உறுப்புரை சொல்கிறது. உரிய வழிமூலம், அதாவது மேலதிகாரிகள் ஊடாக அனுப்புங்கள், முற்பிரதி ஒன்றை நேரடியாகவும் அனுப்புங்கள்; இல்லாவிட்டால் அந்த உரிய வழியிலேயே அது தூங்கிவிடும். ஆணைக்குழுவின் முடிவும் திருப்தியில்லை என்றால் நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை, 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். கொழும்புக்குப் போய்வர வேண்டும்.

அடிப்படை உரிமை வழக்கு என்று யாராவது சொன்னால், அதற்கு ஒரு மாதம்தான் காலம் என்பதை முதலில் நினைவில் வையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், விசாரணை நடக்கிற காலத்தை அதில் சேர்க்க மாட்டார்கள். கண்டியிலும் பதுளையிலும் அவர்களுடைய பிராந்திய அலுவலகம் இருக்கிறது. எந்தக் காலக்கெடுவும் கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் கடிதம் வந்த உறையைக்கூட வீசிவிடாதீர்கள். உங்கள் விஷயம் இப்போதைக்கு நீதிமன்றம்வரை போகிற அளவில் இல்லை என்பது என் கருத்து. வெறும் படிவம் தேங்கியதற்கு உச்ச நீதிமன்றம் போனவர் என்று பெயர் வாங்க வேண்டாம்.

இடமாற்றப் பயம் பற்றி. சேவையின் தேவைக்காக இடமாற்றலாம், அது எப்போதும் இருக்கிற ஆபத்து. ஆனால் தண்டனையாக இடமாற்றுவதற்கும் ஒழுக்காற்று வழி உண்டு. மரியாதையான ஒரு கடிதத்தில் நாலு கேள்வி கேட்டதற்காக அடுத்த மாதமே தூரத்துக்கு மாற்றினால், அந்தக் கடிதத்தின் திகதி முத்திரையே உங்களுக்குச் சாட்சி. எழுத்தில் கேட்டவர்களைவிட, வாயால் சத்தம் போட்டுவிட்டு எழுத்தில் எதுவும் வைக்காதவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தொழிற்சங்கத்தில் உறுப்பினர் என்றால் கிளைச் செயலாளரிடம் கடிதத்தின் பிரதியை இப்போதே கொடுத்து வையுங்கள். பேசச் சொல்ல வேண்டாம், வைத்திருக்கச் சொன்னால் போதும்.

இதே கேள்வியோடு தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் இருப்பீர்கள். உங்களுக்குக் கதவு வேறு. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மாகாணக் கல்வித் திணைக்களம், பிறகு மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழு. கண்டி, மாத்தளை, நுவரெலியா என்றால் மத்திய மாகாணம், பதுளை என்றால் ஊவா, இரத்தினபுரி, கேகாலை என்றால் சப்ரகமுவ. மாகாண ஆணைக்குழுவின் ஒழுக்காற்று உத்தரவை மாற்ற ஆளுநருக்கு அதிகாரம் உண்டு. முதலில் எழுதிக் கேட்பது மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆசிரியர் உதவியாளராக 6,000 ரூபா கொடுப்பனவில் தொடங்கிப் பிறகு சேவைக்குள் உள்வாங்கப்பட்டவர்கள், உள்வாங்கிய கடிதத்தில் உங்கள் நியமனத் திகதியாக எதைப் போட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். சம்பள ஏற்றத் திகதி அதிலிருந்துதான் வரும்.

தங்கச்சி, பிரதேச செயலகத்திலிருந்து பதில் வந்ததும் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், கோவை இலக்கம் மூன்றையும் ஒரு துண்டுக் கடதாசியால் மறைத்துவிட்டு எடுங்கள். சுற்றறிக்கை இலக்கத்தை மட்டும் மறைத்துவிடாதீர்கள்.